போயிட்டு வர்றேன்

ஆபீஸில் ‘கணக்குப் பிரிவு’ உண்டு. பள்ளியில் ‘ஆறாம் வகுப்பு அ பிரிவு’ உண்டு. யாரும் அழுவதில்லை. அதே சொல் ரயில்வே பிளாட்பாரத்தில் மட்டும் தொண்டையை அடைக்கிறது. ஏன்?

சங்க இலக்கியத்தில் பாலைத் திணையின் உரிப்பொருளே பிரிவுதான். பொருள் தேடிப் போகிற தலைவன், கார்காலத்தில் திரும்புவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவான். அந்தச் சொல்லை நம்பித்தான் தலைவி காத்திருப்பாள்.

இன்றைக்கும் வீட்டில் ‘போறேன்’ என்று சொன்னால் பெரியவங்க விடமாட்டாங்க. ‘போயிட்டு வர்றேன்னு சொல்லு!’

படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாமே பிரிக்கத்தான் செய்யும். பிரிவது தப்பில்லை சார். ஆனால், ‘வர்றேன்’ என்பது ஒரு வாக்கு. நாம் அதைப் பழக்கத்தில் சொல்லிவிடுகிறோம். கேட்டவர் நிஜமென்று நம்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் கடைசியாக யாரிடம் அப்படிச் சொன்னீர்கள்? போனீர்களா?