எண்ணிக்கையும் மதிப்பும்

அவுஸ்திரேலியாவில் உதைபந்தாட்டம் என்பது மெல்பேண் மக்களுக்கு 1859இல் விதிகள் வகுக்கப்பெற்ற அவுஸ்திரேலிய விதி ஆட்டம். சிட்னி மக்களுக்கு, 1908இல் அங்கு போட்டித்தொடராகத் தொடங்கிய றக்பி லீக். இவ்விரு இரசிகர் உலகங்களையும் பிரிக்கும் கற்பனைக் கோட்டிற்கு 1978இல் வரலாற்றாசிரியர் இயன் ரேணர் 'பராசி கோடு' எனப் பெயரிட்டார்.

மக்கள் பெரிதும் விரும்புவது எதனை என்பதே அவர்தம் ஓயாத வழக்கு. ஒரு சாரார் மைதானத்திற்கு வந்தோரை எண்ணுவர். மறுசாரார் தொலைக்காட்சியிற் கண்டோரை எண்ணுவர். தமக்கு வெற்றி தரும் அளவுகோலையே இருவரும் தெரிகின்றனர்.

எண்ணிக்கை ஓர் ஆட்டத்தின் பரப்பைக் காட்டுமேயன்றி அதன் மதிப்பை நிறுவாது. அவர்களுட் பெரும்பாலோர் தம் ஆட்டத்தை ஆராய்ந்து தெரிந்தவருமல்லர்; பிறந்த ஊரே அதனை அவர்க்கு அளித்தது. அவ்வாறு வந்த பற்று இழிவன்று. ஆயின், அதற்குப் பெரும்பான்மையைச் சான்றாக அழைக்கும்போது, சிறுபான்மையோரின் பற்று தாழ்ந்தது என்ற தீர்ப்பும் உடன் பிறந்துவிடுகின்றது. பிறரும் விரும்பினாலன்றி நிறைவுறாத விருப்பம், ஆட்டத்தின்பாற்பட்டதா, ஆதிக்கத்தின்பாற்பட்டதா?