ஊனம் வேறு, வலி வேறு

விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில், வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது கருவேப்பிலங்குறிச்சி. அந்த ஊரில் ஒரு வீடு. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று வாங்கிய முயல், ஒரு பின்னங்கால் குட்டியிலேயே பக்கவாட்டில் விரிந்துபோய், இழுத்து இழுத்துத்தான் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அதற்கு இரண்டு வயது. தரையில் உரசி உரசி அந்தக் கால் புண்ணாகிவிட்டது. காலை எடுத்துவிடுவதுதான் வழி என்கிறார் மருத்துவர். முயலை வாங்கியது சில நூறு ரூபாய்க்கு. அறுவைக்கு ஆவதோ சில ஆயிரம். பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கிறார். பிள்ளை அழுகிறது. “வாயில்லா ஜீவனைப் போட்டு ஏம்ப்பா இம்சை பண்றீங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும், விட்டுடுங்க” என்கிறார் பாட்டி. குடும்பத்தார் என்ன செய்வது நியாயம்?

இப்படிப்பட்ட நேரத்தில் பேச்சு பெரும்பாலும் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடும். பாசம் இருந்தால் செய்துதான் ஆக வேண்டும் என்பார்கள் ஒரு சாரார். ஒரு முயலுக்கு இவ்வளவு செலவா என்பார்கள் மறு சாரார். இரண்டுமே வளர்ப்பவரைப் பற்றிய பேச்சு. ஒன்று அவர் மனத்தைப் பார்க்கிறது, மற்றொன்று அவர் சட்டைப்பையைப் பார்க்கிறது. கத்தி படப்போகும் உடம்பு இந்தப் பேச்சில் எங்கேயும் வருவதில்லை.

சட்டம் கொஞ்சதூரம் கூட வருகிறது. ஒரு விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனைக் காக்கவும், அதற்குத் தேவையற்ற வலியோ துன்பமோ நேராமல் பார்த்துக்கொள்ளவும் கடமைப்பட்டவர் என்கிறது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். 2014-இல் ஜல்லிக்கட்டு வழக்கில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், வலி, காயம், நோய் ஆகியவற்றிலிருந்து விடுபட்டிருப்பதை விலங்குகளுக்குரிய ஐந்து சுதந்திரங்களில் ஒன்றாக எடுத்துக்காட்டியது. ஆனால் அறுவையும் வலிதான். எந்த வலியைப் பட்டால் பலன் உண்டு, எது வீண் வலி என்பதை வீட்டிலிருப்பவர்கள்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

அதற்கு முதலில் ஊனத்தையும் வலியையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்று காலில் தத்தித் தத்திப் போகும் முயலைப் பார்த்தால் நமக்கு மனசு கேட்பதில்லை. முயலுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. நாலு பேர் பார்ப்பார்களே என்ற கவலையும் அதற்கு இல்லை. தீனித்தட்டு வரை போக முடிகிறது, உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ள முடிகிறது, பயமில்லாமல் காலை நீட்டிப் படுக்க முடிகிறது என்றால் அதன் வாழ்க்கையில் குறை ஒன்றும் இல்லை. விருத்தாசலத்துச் செராமிக் தொழிற்பேட்டையில் சூளையிலிருந்து எடுக்கும்போது கோணியிருக்கும் பொம்மையைக் கழித்துப் போடுவது தொழிலுக்குச் சரி. உயிரை அந்தக் கண்ணால் தரம் பிரிக்கக் கூடாது. வலியில்லாத கோணல் காலை நேராக்குவதற்காக முயலை மயக்கி அறுப்பது, நம் கண்ணுக்குச் செய்யும் வைத்தியம்.

வலி இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். நாய்போல முயல் குரல் கொடுக்காது. நரிக்கும் பருந்துக்கும் இரையாகும் பிராணி என்பதால் நோவை மறைப்பது அதன் பிறவிக் குணம். ஆனாலும் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். கண்ணைப் பாதி மூடியிருப்பது, கன்னம் ஒட்டிப்போவது, மூக்கின் வடிவம் மாறுவது, மீசை விறைப்பது, காதை மடக்கிப் பின்னால் சாய்ப்பது ஆகிய ஐந்தையும் வைத்து முயலின் வலியை மதிப்பிடும் முறை ஒன்றை ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்டார்கள். அதைவிடச் சுலபமான அடையாளங்கள் கூண்டுக்குள்ளேயே உண்டு. முயல் தன் மென்மையான புழுக்கையை ஆசனவாயில் வாய்வைத்து நேராகத் தின்னும். அதிலிருக்கும் சத்து அதற்கு வேண்டும். இடுப்பு வளையாத முயலால் அது முடியாது. பின்பக்கம் அப்பிக்கொண்டு நாறும். சிறுநீர் பட்டுப் பட்டுத் தோல் வெந்துபோகும். வெயில் காலமென்றால் ஈ மொய்த்து ஒரே நாளில் புழு வைத்துவிடும். இந்த நிலைக்கு வந்த காலை ஊனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அது வேதனை.

வேதனை என்று தெரிந்த பிறகும் உடனே கத்தியைத் தேட முடியாது. முயலுக்கு மயக்க மருந்து கொடுப்பதே ஆபத்தான காரியம். பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2008-இல் வந்தது. மயக்கம் கொடுத்த நாய்களில் அதனால் இறந்தவை 0.17 சதவீதம், முயல்களில் 1.39 சதவீதம். ஆரோக்கியமான முயல்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 0.73 சதவீதம், ஏற்கெனவே நோய்ப்பட்ட முயல்களில் 7.37 சதவீதம். இறந்தவற்றில் பாதிக்கு மேல் இறந்தது அறுவை முடிந்த பிறகு. ஆகவே “செய்யலாமா” என்ற கேள்வியோடு “இப்போதா, உடம்பு தேறிய பிறகா” என்ற கேள்வியும் சேர்ந்தே வர வேண்டும். மனம் பொறுக்காமல் காட்டும் அவசரம், நோயோடு இருக்கும் முயலை அந்த 7 சதவீதத்துக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

இங்கே மனித நோயாளிக்கும் முயலுக்கும் உள்ள ஒரு வித்தியாசத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று மனிதனுக்குச் சொல்லலாம். அவனும் அந்த நம்பிக்கையில் தாங்கிக்கொள்வான். முயலுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க வழியில்லை. இன்றைய வலி இன்றைய வலிதான், நாளை தீரும் என்ற ஆறுதல் அதற்கில்லை. அதே சமயம், போன காலை நினைத்து அது ஏங்கப்போவதும் இல்லை. எனவே வலிப்படப்போகும் நாட்களைவிட வலியில்லாமல் வாழக் கிடைக்கும் நாட்கள் பல மடங்கு கூடுதலாக இருக்க வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் வீட்டு முயல் எட்டுப் பத்து வருஷம் இருக்கும். இரண்டு வயது முயலின் நோகும் ஒற்றைக் காலை எடுப்பதற்கு அந்தக் கணக்கு இடம் கொடுக்கிறது. முதுகெலும்பு முறிந்து, பின்பாதி உணர்விழந்து, சிறுநீர் தானாக ஒழுகும் முயலுக்கு இடம் கொடுப்பது அரிது. எட்டு வயது முயலுக்கு இன்னும் அரிது.

திருக்குறளின் மருந்து அதிகாரம் வைத்தியத்தை நாலாகப் பிரிக்கிறது. நோயாளி, வைத்தியர், மருந்து ஆகிய மூன்றோடு பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவரையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகிறது. முயல் விஷயத்தில் நாலாவது ஆள்தான் எல்லாம். முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் நாய்க்குச் செய்வதுபோல அறுவைக்கு முன் நெடுநேரம் பட்டினி போடத் தேவையில்லை, போடவும் கூடாது. அறுவை முடிந்ததும் அதன் வயிற்றுக்கு வேலை கொடுத்தாக வேண்டும். ஒரு நாள் தின்னாமல் கிடந்தால் குடல் ஓட்டம் நின்றுவிடும். தையல் நன்றாக இருந்தும் முயல் போய்விடும். சில மணிக்கு ஒருமுறை, ராத்திரியிலும் எழுந்து, ஊசியில்லாத சிரிஞ்சில் கூழ் ஊட்ட வேண்டும். வேலிமசாலையோ அருகம்புல்லையோ மூக்கருகே நீட்டிக் கடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். புழுக்கை போட்டிருக்கிறதா, பெரிதா சிறிதா என்று கூண்டைக் கிளறிப் பார்க்க வேண்டும். மருத்துவரும் முயல் தெரிந்தவராக இருக்க வேண்டும். நாய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் பென்சிலின் வகை மாத்திரையை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் குடல் கெட்டு உயிரே போகலாம்.

கிராமத்தில் இது இன்னும் சிரமம். ஊர்ப்பக்கத்துக் கால்நடை மருந்தகத்தின் அன்றாட வேலை மாட்டுக்குச் சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து என்று போகிறது. 1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். ஆனால் முயலின் பெரிய அறுவைக்கு வேண்டிய வசதியைச் சென்னை வேப்பேரி, ஒரத்தநாடு, நாமக்கல், புதுச்சேரி போன்ற ஊர்களின் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில்தான் தேட வேண்டும். முயலுக்கு வியர்க்காது, உடம்புச் சூட்டைப் பெரிதும் காது வழியாகத்தான் தணித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் பஸ்ஸில் கூடைக்குள் வைத்துக் கொண்டுபோனால் பயணமே அதைக் கொன்றுவிடும். கூட்டிப்போகவும், பத்து நாள் கண்விழித்துப் பார்க்கவும் ஆளில்லாத வீடு, பணம் எவ்வளவு இருந்தாலும், அறுவைக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது.

பணம் என்ற கேள்வியைக் கேவலமாக நினைக்கத் தேவையில்லை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26-இல் நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். சில ஆயிரம் என்றால் அந்தக் கூலியில் வாழும் வீட்டுக்குப் பல நாள் உழைப்பு. கருவேப்பிலங்குறிச்சி இருக்கும் அதே மாவட்டத்து வடலூரில் 1867-இல் தருமச்சாலை தொடங்கிய வள்ளலார், ஜீவகாருண்யத்திலேயே ஒரு வரிசை வைத்தார். பசியையும் கொலையையும் நீக்குவது முதல் படி. பிணி போன்ற மற்றத் துன்பங்களை நீக்குவது அடுத்த படி. இந்த வரிசைப்படி பார்த்தால், வீட்டுப் பெரியவரின் மாத்திரையை நிறுத்திவிட்டோ வட்டிக்கு வாங்கியோ முயலுக்கு அறுவை செய்வது கருணை ஆகாது. ஆனால் இரண்டாம் படி என்பதால் அது தேவையில்லை என்றும் ஆகிவிடாது. பழைய போன் நன்றாக இருக்கும்போதே புதுப் போன் வாங்கும் வீடு, முயலுக்குச் செலவு என்றதும் ஊரில் பசித்திருப்பவர்களைக் காட்டினால் அது சாக்கு. சந்தை விலையும் இதற்கு அளவாகாது. கொடைக்கானல் மன்னவனூர் ஆராய்ச்சி மையத்தில் இறைச்சிக்கென்றே முயல் இனங்களை வளர்க்கிறார்கள். அதே ஜாதி முயலை ஒருவர் பெயர் வைத்து மடியில் போட்டு வளர்த்தால், அந்த வளர்ப்பே அவருக்கு ஒரு கடமையைத் தந்துவிடுகிறது.

அறுவை சரிப்படாது என்று முடிவானால் அடுத்தது என்ன? இதில்தான் நம் ஊர் மனம் அதிகம் தடுமாறுகிறது. 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் ஊனப்பட்ட கன்று ஒன்று திரும்பிப் படுக்கக்கூட முடியாமல் துடித்தது. இனி வழியில்லை என்று மருத்துவர் கைவிரித்ததும், காந்தி அதற்கு விஷ ஊசி போடச் செய்தார். செய்ததை மறைக்காமல் தம் பத்திரிகைகளில் எழுதினார். கோபக் கடிதங்கள் குவிந்தன. உயிரைக் கொடுக்க முடியாதவனுக்கு அதை எடுக்க உரிமை ஏது என்று ஆசிரமவாசி ஒருவர் முன்பே கேட்டிருந்தார். சுயநலத்துக்காக எடுத்தால் அந்தக் கேள்வி பொருந்தும், இங்கே பொருந்தாது என்பது காந்தியின் பதில். நோயாளியின் நன்மைக்காகக் கத்தி எடுக்கும் அறுவை மருத்துவர் செய்வது இம்சை இல்லை என்றால், துன்பப்படும் உயிரின் பொருட்டு இன்னும் ஒரு படி போக வேண்டிய நிலையும் வரலாம் என்று அவர் வாதாடினார். அதற்கு நிபந்தனைகளும் வைத்தார்: நோய் தீராததாக இருக்க வேண்டும், எல்லோரும் நம்பிக்கை இழந்திருக்க வேண்டும், எந்த உதவியும் பணிவிடையும் பயன்படாத நிலையாக இருக்க வேண்டும், அந்த உயிரால் தன் விருப்பத்தைச் சொல்ல முடியாதிருக்க வேண்டும்.

இவற்றில் மூன்றாவது மிகக் கடுமையான நிபந்தனை. பணிவிடை பயன்படாது என்று சொல்வதற்கு முதலில் பணிவிடை செய்து பார்த்திருக்க வேண்டும். வலிமருந்து, மெத்தென்ற படுக்கை, தினமும் பின்பக்கத்தைக் கழுவித் துடைப்பது ஆகியவற்றாலேயே பல ஊன முயல்கள் கத்தியும் வேண்டாமல் ஊசியும் வேண்டாமல் நன்றாக இருந்துவிடும். கழுவிவிட அலுப்பாயிருக்கிறது என்று ஊசி போடச் சொன்னால் காந்தி சொன்ன சுயநலம் அங்கே வந்துவிடுகிறது. பிரிய மனமில்லை என்பதற்காக, தேறாது என்று தெரிந்த முயலை மேசையில் கிடத்துவதும் சுயநலம்தான்.

இனிப் பாட்டி சொன்ன வழி. விட்டுவிட்டால் பாவம் நம் மேல் வராது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. புண்ணான காலோடு மூலையில் பெட்டிக்குள் கிடக்கும் முயல் சும்மா இருப்பதில்லை. தின்னாமல், புழு அரித்து, நாள்கணக்கில் சாகிறது. அதுவும் வீட்டார் எடுத்த முடிவுதான். பொறுப்பை மட்டும் விதியின் தலையில் கட்டிவிடுகிறார்கள். மூன்று வழிகளில் ஒதுக்கவேண்டியது இந்த ஒன்றைத்தான். இளம் முயல், நோகிற ஒற்றைக் கால், மற்றக் கால் உறுதி, வீட்டில் பார்க்க ஆள், குடும்பத்தை நெருக்காத செலவு என்று எல்லாம் கூடிவந்தால் அறுவை செய்வதே நியாயம். கூடிவராமல், வலிமருந்துக்கும் வேதனை அடங்காவிட்டால், மருத்துவர் கையால் நோகாமல் முடித்துவைப்பது நியாயம்.

முயலுக்கு வரும் ஊனங்களில் பல வளர்ப்பில் வருபவை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். முயலின் எலும்பு மெல்லியது, பின்னங்கால் தசையோ வலுவானது. காதைப் பிடித்துத் தூக்கும்போது அது பயந்து உதைத்தால், அந்த உதையிலேயே அதன் முதுகெலும்பு முறியலாம். வழவழப்பான டைல்ஸ் தரையில் குட்டியை விட்டால் கால் ஊன்ற முடியாமல் விரிந்துபோகலாம். சின்ன வயதிலேயே கவனித்துக் கட்டுப்போட்டிருந்தால் தேறியிருக்கக்கூடிய காலும் உண்டு. ஒரு சாக்கை விரித்து, தூக்கும்போது பின்பக்கத்தைக் கையால் தாங்கியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அதைச் செய்யாமல் விட்டவர் பிறகு ஆயிரக்கணக்கில் செலவழிப்பதைக் கருணை என்று சொல்லிக்கொள்ள முடியாது. முயலிடம் பட்ட கடனை அவர் அடைக்கிறார், அவ்வளவுதான்.