எலும்பு முறிந்தவர் உபவாசிக்கலாமா?



விழுந்து கையோ காலோ முறிந்து, கட்டுப்போட்டு வீட்டில் இருக்கிற ஒரு விசுவாசி வெள்ளிக்கிழமை உபவாசத்தை விடலாமா? இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். "ஐயா, சும்மா படுத்துத்தானே கெடக்கேன், வேலையா செய்றேன்? இப்பவாவது ரெண்டு நாள் சேர்த்து உபவாசம் இருக்கலாமே" என்கிறார்கள். கேட்பதற்குப் பக்தியாய்த்தான் இருக்கிறது. ஆனால் அந்த "சும்மா" என்கிற வார்த்தை சரியில்லை.

எலும்பு முறிந்த சரீரம் சும்மா இருப்பதில்லை பிரியமானவர்களே. முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. இரண்டு மூன்று வாரத்தில் மெல்லிய ஒட்டு உண்டாகிறது, பிறகு அது கெட்டிப்படுகிறது. மணிக்கட்டு என்றால் ஏறக்குறைய 6 வாரம், தொடை என்றால் 3 மாதமோ அதற்கு மேலோ. அதன் பிறகும் உள்ளே மாதக்கணக்காய்ச் செப்பனிடுதல் நடக்கிறது. கட்டுகிறவனுக்குக் கல்லும் மண்ணும் வேண்டாமா? சுகமாயிருக்கிற ஆளுக்கே சரீர எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்று 2020-ல் ஐசிஎம்ஆர் கணக்குக் கொடுத்தது. காயப்பட்டவருக்கு 1.2 கிராமாவது வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. 50 கிலோ எடையுள்ள தாயாருக்கு அது 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவு, ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலையில் 14 கிராம். நம் வீடுகளில் நோயாளிக்குக் கொடுக்கிற அரிசிக் கஞ்சியிலும் ரசத்திலும் எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? "முட்டை தின்னா சீழ் பிடிக்கும், பருப்பு வாயு" என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னதையெல்லாம் கேட்டு, வேண்டியதையே தடுத்து வைக்கிறோம். (சிறுநீரக வியாதி உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டே புரதத்தைக் கூட்டவேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் புண் ஆறத் தாமதிக்கும்.)

எலியாவை நினைத்துப் பாருங்கள். சூரைச்செடியின் கீழே சோர்ந்து, சாக வேண்டும் என்று படுத்துவிட்டான். தேவதூதன் வந்து என்ன செய்தான்? அவனைக் கண்டிக்கவில்லை, உபவாசக் கூட்டத்துக்கும் அழைக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுப்பிச் சாப்பிட வைத்தான். மறுபடியும் தூங்கினான், மறுபடியும் தட்டி எழுப்பிச் சாப்பிட வைத்தான். போகிற வழி தூரம் என்பதுதான் அதற்குக் காரணம். யவீருவின் மகளை எழுப்பின ஆண்டவரும் அவளுக்குச் சாப்பாடு கொடுக்கச் சொன்னார். மரித்த பிள்ளையை எழுப்பினவருக்கு அவள் பசியை ஆற்றத் தெரியாதா? அதைப் பெற்றோர் கையில் விட்டார்.

ஆகவே என் தீர்ப்பு இது: எலும்பு கூடுகிற காலத்தில் உபவாசம் வேண்டாம். ஜெபம் பண்ணுங்கள், சாப்பிட்டுவிட்டுப் பண்ணுங்கள்.

ஆனால் இதைவிடக் கஷ்டமான கேள்வி ஒன்று இருக்கிறது. உபவாசமே இல்லாமல் பட்டினி கிடக்கிற தாய்மார் உண்டு. தனக்கென்று வாங்கின முட்டையைப் பேரனுக்குக் கொடுத்துவிடுவாள், பாலை மகன் காபிக்கு வைத்துவிடுவாள். கேட்டால், "நான் தின்னு என்னத்த ஆகப்போகுது?" இது அன்பா? அன்புதான், மறுக்கமாட்டேன். ஆனாலும் அவள் கொடுப்பது அவளுடையது மட்டும் அல்ல. அவள் எழும்பாவிட்டால் தூக்கி உட்கார வைப்பது மருமகள், வேலைக்குப் போகாமல் நிற்பது மகன். தியாகம் செய்கிறவர் தன் பங்கைக் கொடுக்கலாம். அடுத்தவர் தோளில் ஏறுகிற பாரத்தையும் சேர்த்துக் கொடுக்க அவருக்கு உரிமை உண்டா? இல்லை என்றே நினைக்கிறேன். அந்த முட்டையை அவர் சாப்பிடுவது சுயநலம் அல்ல, கடமை.

உண்மையாகவே ஒரு முட்டைதான் அந்த வீட்டில் இருக்கிறது என்றால்? அப்போது கேள்வி அந்தத் தாயாரிடம் கேட்கப்படவில்லை, நம்மிடம் கேட்கப்படுகிறது. நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெய் வார்த்ததோடு போய்விடவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்தான். அந்நாளில் அது ஒரு கூலிக்காரனின் இரண்டு நாள் சம்பளம். அதிகமானால் திரும்பி வந்து தருகிறேன் என்றும் சொன்னான். காயம் கட்டின பிறகு வருகிற சாப்பாட்டு நாட்களையும் அவன் கணக்கில் வைத்தான்.

அடுத்தது நடமாட்டம். "கர்த்தர் பெலன் தருவார் ஐயா, நான் ஏன் காலைத் தூக்கித் தூக்கிப் போடணும்?" என்று பிசியோதெரபியை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. 2007-ல் அமெரிக்க மருத்துவப் பத்திரிகை ஒன்றில் ஓர் ஆய்வு வந்தது. சுகமாயிருந்த முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்தபோது, கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை குறைந்தது. பத்தே நாள்! கையில் கட்டு இருந்தாலும் விரல்களை மடக்கி நீட்டவேண்டும், தோளை அசைக்கவேண்டும்; இல்லாவிட்டால் எலும்பு கூடின பிறகும் மூட்டு இறுகிப்போகும்.

வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மாவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இரண்டு கால்களும் செயலற்றுப் போயின. கால்கள் திரும்பவில்லை. ஆனாலும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து, 1963-ல் வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையமும் உண்டானது. அவர் கேட்டபடி சுகம் வரவில்லையே, பயிற்சி எடுத்தது அவிசுவாசமா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கட்டைத் தானே அவிழ்த்துவிட்டு, "சுகமாயிட்டேன்" என்று சாட்சி சொல்லி, மறுநாளே மூட்டை தூக்கப் போகிற சகோதரர்கள். சுகம் உண்மையானால் எக்ஸ்ரேயிலும் அது தெரியும், காட்டிவிட்டுப் போகட்டும். பயிற்சியில் கொஞ்சம் வலிக்கும், அது பரவாயில்லை. வீக்கமும் வலியும் மறுநாள் ஏறிக்கொண்டே போனால் நிறுத்தி வைத்தியரைக் கேட்கவேண்டும். பீடி சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதிக்கும் என்பதும் நிச்சயம். யாருக்குச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

நம் சபையார் நோயாளியைப் பார்க்கப் போகும்போது பிஸ்கட்டும் ரொட்டியும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் கொண்டுபோகிறோம். இனி ஒரு டஜன் முட்டை, அரைக்கிலோ கடலை, கேழ்வரகு மாவு, நாலு கொய்யாப்பழம் கொண்டுபோங்கள். தலையில் கைவைத்து ஜெபித்து முடித்தவுடன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். வைத்தியர் நடக்கலாம் என்று சொல்லியிருந்தால், அந்தத் தாயாரின் கையைப் பிடித்து வாசல்வரை பத்து அடி நடத்திவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் போகிறவர் இருபது அடி நடத்தட்டும்.