சூடு எங்கே போகிறது?

துன்பத்தை ஒழிக்க முடியுமா, இடம் மாற்றத்தான் முடியுமா? லேத் பட்டறைக்காரனான எனக்கு இந்தக் கேள்வியை எழுப்பியது ஒரு சாண் குழாய்.

அந்தக் குழாய் பிரான்சின் ஜார்ஜ் ராங்க் 1930களில் கண்டுபிடித்தது. ஜெர்மனியின் ருடால்ஃப் ஹில்ஷ் மேம்படுத்தி, 1947இல் அதைப் பற்றி எழுதினார். அசையும் உறுப்பு எதுவும் கிடையாது. பக்கவாட்டில் கம்ப்ரசர் காற்றை விட்டால் உள்ளே சுழன்று, ஒரு முனையில் சில்லென்றும் மறுமுனையில் கைசுடவும் வெளியேறும். குளிர்முனையை டூல் நுனிக்குக் காட்டிக் கடைந்தால், சூட்டைத் தணிக்க வழக்கமாக ஊற்றும் பால்நிறக் கூலன்ட்டின் ஊசல் வாடை இல்லை, விரலிடுக்கில் அரிப்பில்லை. வார்ப்பிரும்புத் தூள் காய்ந்தே உதிர்கிறது.

ஆனால் சூடு அழியவில்லை. மறுமுனை வழியாகப் பட்டறைக்குள்ளேதான் வருகிறது. கம்ப்ரசரும் கரண்டைக் குடிக்கிறது. கனமான வெட்டுக்கும் ஆழமான துளைக்கும் காற்று போதாது. தண்ணீர் சுமக்கும் வெப்பத்தை அது சுமக்காது.

துன்பமும் இந்தச் சூட்டைப் போலத்தான், இடம் மாறுகிறது. என் கை சுத்தமானால் மட்டும் அறமாகிவிடாது. சுமை யார்மேல் விழுகிறது என்று தெரிந்து தேர்ந்தெடுப்பதே அறம். வேலைக்காரரின் தோல் புண்ணாவதைவிட, முதலாளி நான் கரண்ட் பில் கூடுதலாகக் கட்டுவது நியாயம்.