ஏறாமல் சுற்றுகிற மலை

தில்லியில் மலை ஏது என்று ஊரிலிருந்து வருகிற உறவினர்கள் கேட்பார்கள். ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்கு அழைத்துப் போவேன். 1973-இல் குடமுழுக்கு கண்ட அந்த சுவாமிநாத சுவாமி நிற்பது ஆரவல்லியின் ஒரு துண்டுப் பாறைமேல்தான். குஜராத்தில் தொடங்கி ராஜஸ்தான், ஹரியானா வழியாக ஏறக்குறைய 670 கிலோமீட்டர் ஓடிவருகிற தொடர், தில்லிக்குள் தேய்ந்து முடிகிறது. நம் வீட்டுச் சுவர்களுக்குள்ளும் அது இருக்கிறது. பாட்டி என்ற இடத்துச் சுரங்கங்களிலிருந்து வந்த சிவந்த பதர்ப்பூர் மணலைப் பூசித்தான் இந்நகரத்தின் பழைய குடியிருப்புகள் பலவும் எழுந்தன. 1990-களின் தொடக்கத்தில் அங்கே தோண்டுவது நின்றது. இன்று அந்தப் பள்ளங்கள் அசோலா பாட்டி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கின்றன.

அந்தப் பக்கத்து மலைகளில் நடப்பதில் எனக்குத் தீராத ஆசை. அதிலும் போன வழியே திரும்பாமல், ஒரு வட்டமாகச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேர்கிற நடை. "அதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமே அப்பா" என்றாள் மகள். நியாயமான கேள்விதான். படிப்பு, வேலை, பதவி உயர்வு, சொந்த ஃபிளாட் என்று எல்லாமே எங்கேயாவது போய்ச் சேருவதாக இருக்கிற ஊரில் வாழ்கிறாள். எங்கும் போய்ச் சேராத நடை என்னத்துக்கு?

அதற்குப் பதில் தேடிப் போக வேண்டிய இடம் மாங்கர் என்ற ஊர். குருகிராம் ஃபரிதாபாத் சாலையில் பந்த்வாடியின் குப்பை மலையைத் தாண்ட வேண்டும். இரண்டு நகரங்கள் தூக்கி எறிந்ததெல்லாம் குவிந்து உயர்ந்தது அது. கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் நாற்றம் உள்ளே வரும். பிறகு சாலை பிரிகிறது, ஊர் வருகிறது. குஜ்ஜர்களின் கிராமம். தை மாதத்தில் போனால் ஊரை ஒட்டிய வயல்களில் கோதுமை முழங்கால் உயரம் நிற்கும், வரப்பு ஓரமாகக் கடுகு பூத்திருக்கும். வயல் முடிகிற இடத்தில் கல் தொடங்குகிறது. ஒற்றையடிப் பாதை சரிவில் ஏறி முகட்டோடு வளைந்து போகிறது. மேலே நின்று பார்த்தால் கீழே ஒரு பள்ளத்தாக்கு முழுக்க ஒரே வகை மரம், குளிர்காலத்தில் செம்பு நிறத்தில். இந்தியில் தௌ என்பார்கள். ஊரார் காக்கிற கோயில்காடு அது. குதரியா தாஸ் பாபா என்ற சாமியார் தவம் இருந்த இடம் என்றும், கிளை ஒடித்தவனுக்குக் கேடு வரும் என்றும் நம்பிக்கை.

தௌ மரத்தை அருகில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். காட்டுக்கு வெளியே, ஆடு மேய்கிற சரிவில், அதே தௌ பாறையோடு பாறையாகப் படர்ந்து கிடக்கிறது. விரற்கடை உயரம்கூட இல்லை. ஒவ்வொரு நுனியும் கடிபட்டுக் கடிபட்டு, குச்சிகள் பின்னிப் பாய்போல ஆகியிருக்கின்றன. கையை வைத்து அழுத்தினால் குத்துகிறது. இலை ஒவ்வொன்றும் நகத்தளவு. செத்துவிட்டது என்றுதான் நினைப்போம். ஆடு வராமல் சில ஆண்டுகள் விட்டால் அதே வேரிலிருந்து நிமிர்ந்து மரமாகிவிடும். காட்டுக்கு உள்ளே நிற்கிற மரத்துக்கும் வெளியே தவழ்கிற புதருக்கும் மண் ஒன்று, மழை ஒன்று. மனிதர்கள் எதைச் செய்யாமல் இருந்தார்கள் என்பது ஒன்றே வித்தியாசம்.

எல்லையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "தாவ்ஜி, அடுப்புக்கு விறகு எங்கே எடுப்பீர்கள்?" என்று கேட்டேன். "கீகர் இருக்கிறதே, அது போதும். உள்ளே பாபா இடம், குச்சிகூட எடுக்கமாட்டோம்" என்றார். அவர் சொன்னது விலாயதி கீகர். நம் ராமநாதபுரத்தைத் தின்ற அதே சீமைக் கருவேலம். இங்கும் அது மலையை விழுங்கியிருக்கிறது. ஆனால் அடுப்பெரிக்க அது கிடைப்பதால் தௌக்காடு பிழைத்திருக்கிறது என்பதையும் அன்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

நம்பிக்கை ஒன்றே காப்பாற்றிவிட்டது என்றும் சொல்லமாட்டேன். ஊர்ப் பொதுநிலம் பங்கு பிரிக்கப்பட்டு, அதில் பெரும்பகுதி வெளியாருக்குக் கைமாறியது. கிளை ஒடிக்க அஞ்சிய ஊரிலேயே பத்திரம் எழுதப்பட்டது. கோடரியைத் தடுத்த அச்சம் கையெழுத்தைத் தடுக்கவில்லை. ஃபரிதாபாத், குருகிராம், மேவாத் மாவட்டங்களின் ஆரவல்லிப் பகுதியில் 2009-இல் உச்ச நீதிமன்றம் சுரங்கங்களை நிறுத்தியது. 2016-இல் ஹரியானா அரசு மாங்கர் காட்டிலும் அதைச் சுற்றியும் கட்டடம் கூடாது என்றது. இவையெல்லாம் இல்லாவிட்டால் இந்த வட்டத்தின் நடுவே இன்று பண்ணை வீடுகள் நின்றிருக்கும்.

மகளுக்கு நான் சொன்ன பதில் கிரிவலத்திலிருந்து வந்தது. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் நடக்கிறோம். பௌர்ணமியன்று நடக்கிற லட்சக்கணக்கானவர்களில் உச்சிக்கு ஏறுகிறவர்கள் எத்தனை பேர்? தில்லிக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போகிற கோவர்த்தனத்தில் ஏழு கோசு, சுமார் 21 கிலோமீட்டர். அங்கே மலைமேல் கால் வைப்பதே தவறு என்கிறார்கள். ஏறுகிறவனுக்கு மலை காலுக்குக் கீழே போய்விடுகிறது. ஏறியாயிற்று என்று இறங்கிவிடலாம். சுற்றுகிறவனுக்கு அது எப்போதும் பக்கத்தில் நிற்கிறது, ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு முகத்தோடு. அதை எடுத்துக்கொள்ள முடியாது, முடித்துவிடவும் முடியாது. வாழ்க்கையில் சிலவற்றையாவது, சில மனிதர்களையாவது, இப்படி நடுவில் வைத்துச் சுற்றிவர வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பிள்ளைகளிடம் நாம் நெருங்குவதும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லவில்லை, நினைத்துக்கொண்டேன்.

இது வெறும் மனத்தேறுதல் அல்ல. சட்டம் வரைக்கும் போகிற விஷயம். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வரையறையை ஏற்றது. சுற்றுவட்டாரத் தரையிலிருந்து 100 மீட்டராவது உயர்ந்திருந்தால்தான் ஆரவல்லி மலை. ஊரெங்கும் எதிர்ப்பு எழுந்தது. டிசம்பர் 29-ஆம் தேதி அந்த உத்தரவை நீதிமன்றமே நிறுத்திவைத்து, புதிய நிபுணர் குழு பார்க்கட்டும் என்றது. உயரத்தை வைத்து மலையைத் தீர்மானிப்பது ஏறுகிறவனின் கணக்கு, வெட்டி எடுக்கிறவனின் கணக்கு. அந்த அளவுகோலை வைத்தால் கோவர்த்தனமே மலை இல்லை. அது 100 மீட்டருக்கு வெகு கீழே. மலை மந்திர் இருக்கிற குன்றும் இல்லை. நீரைப் பிடித்து நிலத்துக்குள் இறக்குவதும், தார்ப் பாலையின் மணலை மறிப்பதும், சிறுத்தைக்கும் நரிக்கும் வழிவிடுவதும் பெரும்பாலும் இந்தக் குட்டைக் குன்றுகள்தான்.

குழுவில் யார் இருந்தாலும், வரைபடத்தோடு ஒரு முறை மாங்கருக்கு வரட்டும். ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு, கோதுமை வயலைத் தாண்டி, முகட்டில் ஏறி, காட்டை வலப்பக்கம் வைத்துச் சுற்றிவந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் ஊர் திரும்பிவிடலாம். வழியில் படர்ந்து கிடக்கிற தௌவை மட்டும் மிதிக்காமல் நடக்கட்டும்.