எவ்வளவுக்கு வளையலாம்?

கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்திருந்த ஓர் இளைஞனின் தாய் அண்மையில் எம்மைத் தேடி வந்தார். அவரது முறைப்பாடு விசித்திரமானது.

"சுவாமி, ரெண்டு வரியமாப் போனிலை கேக்கிற நேரமெல்லாம் 'நான் சுகம் அம்மா' எண்டுதான் சொன்னவன். இப்ப வந்து படுத்தா, நித்திரையிலை 'ஹான் சாப், ஹான் சாப்' எண்டு புலம்புறான். உது என்ன பாஷை?"

அது இந்தி. 'ஓம் ஐயா' என்பது அதன் பொருள். வளைகுடா நாடுகளின் கட்டட வேலைத்தலங்கள் பலவற்றில் கட்டளைகள் பிறப்பது இந்தியும் உடைந்த ஆங்கிலமும் சில அரபுச் சொற்களும் கலந்த ஒரு மொழியிலேயாகும். மறுநாள் மகனையே அழைத்துப் பேசினோம். போன புதிதில் மேற்பார்வையாளர் சொல்வது அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லையாம். விளங்கவில்லை என்றால் ஏச்சு விழும். ஆதலால் எதற்கும் 'ஹான் சாப்' என்று பழகிக்கொண்டானாம். ஒருநாள் சாரத்தின் ஒரு பலகையைக் கழற்றாதே என்று சொன்னதற்கும் அப்படியே சொல்லிவிட்டு அதனைக் கழற்றியிருக்கிறான். உடன் வேலை செய்தவர் ஒருவர் மயிரிழையில் தப்பினாராம்.

இதைச் சொல்லிவிட்டு அவன் எம்மைக் கேட்டான்: "போன இடத்துக்கு ஏற்றமாதிரி மாறத்தானே வேணும் சுவாமி?"

மாறத்தான் வேண்டும். ஆயினும் எதில், எவ்வளவுக்கு? நாட்டின் பொருளாதாரம் சரிந்த 2022ஆம் ஆண்டில் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் தொழில் தேடி இலங்கையை விட்டுச் சென்றனர். எமது குடும்பங்களிலும் ஒருவரேனும் கடல் கடந்து உழைக்காத வீடு அரிது. ஆகவே அந்த இளைஞனின் கேள்வி எம் அனைவரினதும் கேள்வியாகும்.

ஊர் வழக்கமும் ஒருவரின் அதிகாரமும்

பிறர் வீட்டுக்குச் சென்றவர் அவ்வீட்டு முறைமையை மதிப்பது பண்பு. றமழான் மாதத்துப் பகல் வேளையில் நோன்பிருப்போர் முன் உண்ணாதிருத்தல், கொடுப்பதையும் வாங்குவதையும் வலக் கையால் செய்தல், பெண்களோடு பேசுவதில் அவ்வூர் காக்கும் எல்லையைக் காத்தல் என்பவை எவரையும் சிறுமைப்படுத்துவன அல்ல. தலையை இருபுறமும் ஆட்டி நாம் சொல்லும் 'ஓம்', பிற நாட்டாருக்கு 'இல்லை' என்று படுவதுண்டு. இதனை அறிந்து வாயைத் திறந்து பதில் சொல்லப் பழகுவதும் ஒரு மரியாதையே. ஞாயிறு வேலை நாளாகவும் வெள்ளி ஓய்வு நாளாகவும் அமைந்த நாடுகளில் எம்மவர் வெள்ளிக்கிழமையே திருப்பலி காண்கின்றனர். 2008ஆம் ஆண்டு தோகாவில் திறக்கப்பட்ட செபமாலை மாதா ஆலயத்தில் வெள்ளிக்கிழமைகளில் நிறையும் கூட்டம் இதற்குச் சாட்சி. நாள் மாறியதால் வழிபாடு குன்றிவிடவில்லை.

வேலைத்தலத்து ஒழுங்கும் இத்தகையதே. குறித்த நேரத்துக்கு நிற்றல், தலைக்கவசமும் பாதுகாப்புப் பட்டியும் அணிதல், எழுத்தில் உள்ள கட்டளையை வாசித்தறிந்து செய்தல் ஆகியவற்றை அந்நியரின் கெடுபிடி என்று சலித்துக்கொள்வோர் எம்மவரிடையே உண்டு. 'ஊரில் இப்படியா செய்தோம்' என்ற எண்ணத்தை ஊரிலேயே விட்டுச் செல்வது நல்லது.

இவற்றில் வளைவது கற்றலாகும். ஆனால் வேறொன்று, ஊர் வழக்கத்தின் உடையை உடுத்துக்கொண்டு வருகின்றது. 'இங்கே இப்படித்தான்' என்று சொல்லிக் கடவுச்சீட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டுகிறார் முதலாளி. 'இங்கே இப்படித்தான்' என்று சொல்லி மூன்று மாதச் சம்பளத்தை நிறுத்தி வைக்கிறார். 'இங்கே இப்படித்தான்' என்று சொல்லி இரவு இரண்டு மணிக்குப் பணிப்பெண்ணை எழுப்புகிறார் வீட்டுக்காரி. புதிதாகப் போனவரும் அதை அந்நாட்டுச் சம்பிரதாயம் என்று நம்பித் தலை குனிகிறார்.

உண்மை யாதெனில், அது அந்நாட்டுச் சட்டத்துக்கே மாறானதாய் இருக்கலாம். தொழிலாளியின் கடவுச்சீட்டைத் தொழில் கொள்வோர் பறித்து வைத்தலைக் கட்டாரினதும் சவூதி அரேபியாவினதும் சட்டங்கள் தடை செய்துள்ளன. ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணி தொடக்கம் பிற்பகல் 3.30 வரை வெட்ட வெளியில் வேலை வாங்கலாகாது எனக் கட்டார் 2021இல் விதித்தது. அதே ஆண்டு மார்ச் மாதம் அங்கு ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 1,000 றியால் என்பது நடைமுறைக்கு வந்தது. எனவே இவ்வாறான கொடுமைகளை அரபு மக்களின் பண்பாடு என்று சொல்வது அம்மக்களுக்கும் நாம் செய்யும் அநீதி. தம் வீட்டுப் பிள்ளையைப்போல் பணிப்பெண்ணை நடத்தி, நோயுற்றபோது மருத்துவச் செலவு முழுவதையும் ஏற்ற குடும்பங்களைப் பற்றியும் திரும்பி வந்தோர் எமக்குச் சொல்லியிருக்கின்றனர்.

பழைய ஏற்பாட்டு யோசேப்பை நினைத்துப் பார்க்கலாம். அந்நிய நாட்டில் ஒரு வீட்டில் பணியாளாய் இருந்தவர் அவர். எகிப்தியரின் மொழியைப் பேசினார், உடையை அணிந்தார், அவர்கள் இட்ட பெயரையும் ஏற்றார். இத்தனைக்கும் வளைந்தவர், எசமானின் மனைவி விடுத்த அழைப்புக்கு மாத்திரம் வளையவில்லை. அதற்கு விலையாகச் சிறை சென்றார். அவருக்காகச் சாட்சி சொல்ல அங்கு எவரும் இருக்கவில்லை.

ஒப்புக்கொண்டவர்தானே?

'கையொப்பம் வைத்துத்தானே போனார், பொறுத்துத்தான் ஆகவேண்டும்' என்பார் சிலர். இவ்வாதத்தில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. வாக்கு வாக்குத்தான். ஒருவர் இடையில் ஓடிவிட்டால் அவருக்குப் பின் அதே இடத்துக்குப் போகும் எமதூர்ப் பிள்ளையின் வாய்ப்பும் கெடக்கூடும்.

ஆனால் அந்தக் கையொப்பம் எத்தகையது? முகவர் இங்கு காட்டிய ஒப்பந்தம் ஒன்று, அங்கு இறங்கியதும் நீட்டப்பட்ட ஒப்பந்தம் வேறொன்று என்ற கதையை எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்! மேலும், வளைகுடாவில் வழங்கிவந்த 'கபாலா' என்னும் பொறுப்பாளர் முறை, தொழிலாளியின் வதிவிட அனுமதியையே முதலாளியின் கையில் கட்டி வைத்தது. அவர் அனுமதியின்றி வேலையை விட்டால் 'ஓடிப்போனவர்' என்ற குற்றம் சாரும்; அந்தக் கணமே அந்நாட்டில் சட்டவிரோதியாகிவிடுவார். 2020இல் கட்டார் இம்முறையைத் தளர்த்தி, முதலாளியின் சம்மதக் கடிதம் இன்றியே வேலை மாற இடமளித்தது. 2021இல் சவூதி அரேபியாவும் ஒரு சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. ஆனால் அது வீட்டுப் பணியாளரை உள்ளடக்கவில்லை. நாலு சுவருக்குள் தனித்து நிற்கும் பெண்ணே ஆகக் கூடுதலான பாதுகாப்பு வேண்டியவள். சட்டம் கடைசியாக எட்டிப் பார்ப்பதும் அவளைத்தான்.

மொழி அறியாது தனித்து நிற்பதன் விலையை அறிய நாம் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டு மூதூரிலிருந்து சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்ற றிசானா நபீக்கை எம்மில் எவர் மறப்பர்? கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதி அனுப்பப்பட்ட அப்பிள்ளை, தன் பொறுப்பில் விடப்பட்ட குழந்தையின் மரணம் தொடர்பான வழக்கில் 2013 ஜனவரி 9ஆம் நாள் மரண தண்டனைக்கு உள்ளானார். அவரது வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவரின் தகுதி பற்றியே பின்னர் கேள்வி எழுந்தது.

1981இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடல், புலம்பெயர்ந்து உழைப்பவர் ஏனைய தொழிலாளரைவிட உரிமையில் குறைந்தவராக நடத்தப்படலாகாது என்று வற்புறுத்துகின்றது. அதன் அடிப்படை எளிது: உழைப்பு மனிதருக்காக உண்டாயிற்றே அன்றி, மனிதர் உழைப்புக்காக உண்டானவர் அல்லர். சம்பளம் தருவோர் எம் நேரத்தையும் திறமையையும் வாங்குகின்றனர். எம்மை வாங்குவதில்லை. ஆதலால் அடியையும் வசையையும் மான பங்கத்தையும் சகிப்பதற்குத் தாழ்ச்சி என்று பெயர் சூட்டக்கூடாது. தாழ்ச்சி என்பது சுதந்திரமாகக் குனிவது.

வீட்டின் பங்கு

இனித்தான் எமக்குக் கசப்பான பகுதி வருகின்றது. அந்த இளைஞன் கொடுமை நேர்ந்தபோது ஏன் மறுத்துப் பேசவில்லை? ஏன் இரண்டு வருடமாகத் தாயிடம் 'சுகம்' என்றான்? கேட்டோம். சற்று நேரம் நிலத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அறா வட்டிக்கு வாங்கித்தான் என்னை அனுப்பினவை. தங்கச்சிக்குச் சீதனம் பேசியாச்சு. நான் என்னத்தைச் சொல்ல?"

அங்கே மேற்பார்வையாளருக்கு 'ஹான் சாப்'. இங்கே பெற்ற தாய்க்கு 'சுகம்'. இரண்டும் ஒரே சொல்தான். இரண்டும் பயத்தினால் பிறந்த ஓம். அவன் நித்திரையில் புலம்பியது ஏன் என்று எமக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று. உண்மையைச் சொல்ல அவனுக்கு விழித்திருக்கும் நேரத்தில் ஓர் இடமும் இருக்கவில்லை.

அநியாயத்துக்கு 'முடியாது' என்று சொல்லும் துணிவு தனிமனிதனின் நெஞ்சில் மாத்திரம் இருப்பதன்று. திரும்பி வந்தால் வீடு ஏற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கையே அத்துணிவின் வேர். காணியை ஈடு வைத்து, நகையை அடகு வைத்து, 'வெறுங்கையோடு வந்திடாதை' என்று வாசலில் சொல்லி அனுப்பும்போது அந்த வேரை நாமே அறுத்து விடுகிறோம். அதன் பின் அங்குள்ள முதலாளிக்கு அவனது கடவுச்சீட்டுக்கூடத் தேவையில்லை. கடனே போதும்.

ஆகவே பிள்ளையை அனுப்ப எண்ணும் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். முகவரின் வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கட்டுமுன், 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று விசாரியுங்கள். ஒப்பந்தத்தின் ஒரு பிரதியை வீட்டிலும் வைத்திருங்கள். போகுமுன் அங்கு வழங்கும் மொழியில் 'எனக்கு விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்' என்ற வாக்கியத்தை முதலாவதாகப் பிள்ளைக்குக் கற்பியுங்கள். அது ஓர் உயிரைக் காக்கும். தொலைபேசியில் 'காசு எப்ப வரும்' என்பதற்கு முன் 'உண்மையாய் எப்பிடி இருக்கிறாய்' என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.

இன்னுமொன்று. அரபு நாட்டு எசமானரைப் பற்றி மனம் குமுறும் நாம், ஒரு காலத்தில் மலையகத் தோட்டங்களிலிருந்து சிறு பிள்ளைகளைக் கொண்டுவந்து எம் குசினிகளில் நிறுத்தி வைத்தோம். அப்பிள்ளைகள் எங்கே படுத்தார்கள்? எப்போது உண்டார்கள்? தாயிடம் 'சுகம்' என்று எத்தனை தரம் சொல்லியனுப்பினார்கள்? இன்றும் எம் வீட்டிலும் கடையிலும் வாடியிலும் வேலை செய்வோர் எமக்குச் சொல்லும் 'ஓம்' எத்தகையது என்று கேட்டுப் பார்ப்பது நன்று.

அந்த இளைஞன் போன வாரம் திரும்பிப் போய்விட்டான். போகும் அன்று தாய் வாசலில் நின்று, "ஏலாட்டி வா மோனை, கடனைப் பிறகு பாப்பம்" என்று சொன்னாராம். இதனை எமக்கு வந்து சொன்னபோது அவரது கண் கலங்கியிருந்தது. கடன் இன்னும் அப்படியே இருக்கின்றது. ஆனால் இம்முறை அவனுக்குத் திரும்பி வர ஒரு வாசல் உண்டு.