நிர்ப்பந்தமும் பாவனையும்

இந்த இதழின் அட்டைக்கென்று நண்பர் ஒருவர் கட்டம் போட்ட காகிதத்தில் எழுத்துக்களை வரைந்து கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் கறுப்புச் சதுரங்களால் ஆனது. வளைவு இருக்கவேண்டிய இடத்தில் படிக்கட்டு. பழைய கணினித் திரைகளில் இருந்தது போன்ற தடித்த எழுத்து. பார்த்ததும் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டது என்பதுதான் என்னைச் சங்கடப்படுத்தியது. வளைவை வளைவாகவே காட்டக்கூடிய திரைகள் வந்துவிட்ட பிறகு, காட்ட முடியாத காலத்தின் உருவத்தை விரும்பி எடுத்துக்கொள்வது எந்த வகைக் காரியம்? வசதியுள்ளவன் கந்தலை விலை கொடுத்து வாங்கி உடுத்துவது மாதிரி இல்லையா?

கேள்வியை அதன் பிறப்பிடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 1984இல் வெளிவந்த ஆப்பிள் மக்கின்டாஷ் கணினியின் திரையில் குறுக்கே 512, நெடுக்கே 342 புள்ளிகள். ஒரு புள்ளி கறுப்பாக இருக்கலாம், அல்லது வெள்ளையாக. இடைப்பட்ட சாம்பல் கிடையாது. அந்தத் திரைக்கென சூசன் கேர் வரைந்த எழுத்து 'சிகாகோ'. அதில் நிமிர்ந்த கோடுகள் இரண்டு புள்ளி அகலம். இந்தத் தடிமன் வீராப்புக்காக வந்ததல்ல. பட்டியலில் அப்போதைக்குப் பயன்படாத கட்டளையை மங்கலாகக் காட்டவேண்டும்; சாம்பல் நிறமோ இல்லை. எனவே எழுத்தின் புள்ளிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக அழித்து மங்கலைத் தோற்றுவித்தார்கள். ஒரு புள்ளிக் கோடு இந்த அழிப்பில் துளித்துளியாகச் சிதறிவிடும். இரண்டு புள்ளிக் கோடு தாங்கும். பாதி பறிபோன பின்னும் சொல் சொல்லாக நிற்கவேண்டும் என்பதற்கான தடிமன் அது.

நிர்ப்பந்தத்தில் பிறந்த உருவம், நிர்ப்பந்தம் நீங்கிய பின் என்ன ஆகும்? 1997இல் மேக் ஓஎஸ் 8 வந்தபோது சிகாகோ தன் இடத்தை இன்னொரு எழுத்துக்கு விட்டுக்கொடுத்தது. 2001இல் ஐபாட் என்ற பாட்டுப் பெட்டி சின்னஞ்சிறு ஒற்றை நிறத் திரையோடு வந்தபோது மறுபடி அழைக்கப்பட்டது. அங்கே அதற்கு வேலை இருந்தது.

அதே 2001இல் வேறொன்றும் நடந்தது. கலிபோர்னியாவிலிருந்து வந்த 'எமிக்ரே' பத்திரிகையோடு இணைந்திருந்த ஸுஸானா லிச்கோ, 1985இல் மக்கின்டாஷில் எம்பரர், ஓக்லண்ட் முதலிய முரட்டு எழுத்துக்களைச் செய்தவர். எம்பரரில் எழுத்தின் கால் இரண்டு புள்ளி. உள்ளிருக்கும் வெளி ஒரே புள்ளி. அவற்றைத் திரட்டி 'லோ-ரெஸ்' என்ற பெயரில் அவரே 2001இல் மறுபடி வெளியிட்டார். இப்போது அந்தச் சதுரங்கள் திரையின் சதுரங்கள் அல்ல. எந்த அளவுக்கும் பெருக்கிக்கொள்ள வசதியாகக் கோடிட்டு வரைந்த சதுரங்கள். படிக்கட்டு, படிக்கட்டின் சித்திரமாகிவிட்டது. சாதனத்துக்கு உண்மையாயிரு என்ற நவீனத்துவக் கட்டளையைப் பிடித்துக்கொண்டால், இது பொய் என்று தீர்ப்பெழுதிவிடலாம்.

ஆனால் அந்தக் கட்டளையே போதுமானதுதானா? டச்சு வடிவமைப்பாளர் விம் க்ரௌவெல், மின்னணு அச்சுக்கோப்பில் வளைவுகள் படிக்கட்டாகச் சிதைவதைக் கண்டு, வளைவே இல்லாத ஓர் எழுத்து வரிசையை 1967இல் வெளியிட்டார். நெட்டுக்கோடு, கிடைக்கோடு, மூலைகளில் சிறு சாய்வு, அவ்வளவுதான். எந்திரத்துக்கு இதைவிட உண்மையாக ஒருவர் இருக்க முடியாது. அதன் பல எழுத்துக்களைப் பழக்கமில்லாத கண்ணால் படிக்கவும் முடியாது. சாதனத்துக்குக் காட்டிய விசுவாசத்தின் விலையை வாசகன் கொடுக்கவேண்டியிருந்தது.

ஆக, ஒரு நிர்ப்பந்தம் நிஜமா போலியா என்று மட்டும் கேட்பதில் பயனில்லை. அது யாருக்காகச் சுமக்கப்படுகிறது என்று கேட்கவேண்டும். சிகாகோவின் தடிமன் எதிரே உட்கார்ந்திருந்தவனுக்காகச் சுமந்தது. தன் தோற்றத்துக்காகச் சுமப்பது வேஷம். யாப்பைப் பற்றி நாம் போட்ட சண்டைகளிலும் இது தெளிவாகவில்லை. மனனம் செய்தாகவேண்டிய காலம் போன பின் வெண்பா எழுதுகிறவனைப் போலி என்றோம். போலித்தனம் வெண்பாவில் இல்லை. காது கொடுக்காமல் தளையை மட்டும் எண்ணிக் கட்டியதில் இருந்தது.

நம் இதழ்களையும் இந்தக் கேள்வியிலிருந்து விலக்க முடியாது. மட்டக் காகிதமும் தேய்ந்த ஈய எழுத்தும் ஒரு தலைமுறைக்கு வேறு வழியில்லாமல் வாய்த்தவை. கணினியில் கோத்து முடித்துவிட்டு அந்தத் தேய்வை மேலே பூசிக்கொள்கிறோம். வறுமையைச் சகித்தவர்கள் அவர்கள். அதன் சாயலை மட்டும் வாரிசுரிமையாக எடுத்துக்கொண்டவர்கள் நாம்.

நண்பரின் காகிதத்துக்கு வருகிறேன். அட்டையில் வரவேண்டிய கவிதைத் தலைப்பில் 'மணம்' என்ற சொல் இருந்தது. நான் அதை 'மனம்' என்று படித்தேன். மூன்று சுழி ண. ஒவ்வொரு சுழிக்குள்ளும் ஒரு வெற்றுக் கட்டமாவது வேண்டும். சுற்றுச் சுவர் இரண்டு கட்டம் தடிக்கும்போது, மற்ற எழுத்துக்களுக்கு ஒதுக்கிய அகலத்தில் மூன்று சுழிகளுக்கு இடமில்லை. நண்பர் ஒரு சுழியை விழுங்கியிருந்தார். 'அழகுக்குத்தானே, சந்தர்ப்பத்தில் புரிந்துவிடும்' என்றார். கவிதைத் தலைப்புக்கு ஏது சந்தர்ப்பம் என்று கேட்டேன். கொஞ்சம் வருத்தத்தோடுதான் எழுந்து போனார்.

ஒரு வாரம் கழித்து வேறு காகிதத்தோடு வந்தார். ண மட்டும் மற்றவற்றைவிட ஏறக்குறைய இரண்டு பங்கு அகலம். மூன்று சுழிகளும் திறந்திருந்தன. வரிசையின் ஒழுங்கு கெட்டுவிட்டது. அந்த இடத்தில் கண் இடறுகிறது. அவருக்கு அதில் திருப்தியில்லை. ஆனால் இந்த முறை யாரும் அதை ன என்று படிக்க முடியாது. பழைய திரைகளிடமிருந்து கடன் வாங்காத, எங்களுடையதேயான ஒரு நிர்ப்பந்தம் அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது. அதைத்தான் அட்டையில் போடுகிறோம்.